ராஜபார்ட் குடித்து வைத்த பால்

அந்த நாளில் பினாங்கில் கிராமபோன் வைத்திருந்த எந்தத் தமிழர் கடைக்குப் போனாலும் ஒரே குரல்தான் கேட்கும். தமிழ்நாட்டு நாடகக் கம்பெனி ஒன்றில் ராஜபார்ட் வேஷம் கட்டியவரின் குரல். அவர் பாடிய பிளேட்டுகள் கப்பலில் வந்த சூட்டோடு விற்றுப்போகும். துணிக்கடை, முடிவெட்டும் கடை, சாப்பாட்டுக் கடை, எல்லா இடத்திலும் அவர்தான். நல்ல குரல் என்பதை நான் மறுக்கவில்லை. மேலே ஏறிப்போய் ஓர் இடத்தில் அசையாமல் நிற்கும். கேட்பவர் கை வேலையும் அதோடு நின்றுவிடும். என் கையும் நின்றிருக்கிறது. அதனால் அவர் எங்கள் வீட்டில் தங்கப்போகிறார் என்று என் கணவர் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எங்கள் வீடு டத்தோ கிராமாட்டில் இருந்தது. பலகை வீடு. முன்னால் கூடம், நடுவில் ஓர் அறை, பின்னால் சமையற்கட்டும் குழாயடியும். கணவர் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. நாடகத்தை வரவழைத்த சபையில் அவரும் ஒருவர். கம்பெனிக்காரர்களைக் கடைத்தெருவில் ஒரு மாடியில் தங்கவைத்தார்கள். ராஜபார்ட் மட்டும் குடும்ப வீட்டுச் சாப்பாடுதான் தன் தொண்டைக்கு ஒத்துக்கொள்ளும் என்றாராம். அந்தப் பெருமையை மற்றவர்களிடமிருந்து என் கணவர் போட்டி போட்டு வாங்கி வந்தார். நடு அறையை அவருக்கு ஒழித்துக்கொடுத்துவிட்டு நாங்களும் எங்கள் பெண் குழந்தையும் சமையற்கட்டில் படுத்தோம்.

மறுநாள் காலையில் அவர் தொண்டையைக் கேட்டேன். பிளேட்டில் கேட்ட தொண்டை அல்ல இது. நான் அரிசி களையும் குழாயடியில் குந்திக்கொண்டு, விரல்களை உள்ளே விட்டு, அடிவயிற்றிலிருந்து காறினார். வெளியே வந்ததைச் சிமெண்டுத் தரையில் துப்பிவிட்டு, குனிந்து அதை உற்றுப் பார்த்தார். கூடத்தில் அவருக்காகக் காத்திருந்த சபைக்காரர்களிடம் வந்து, "இன்னைக்கு வெள்ளையா வந்திருக்கு. ராத்திரி குரல் பேசும் பாருங்க" என்றார். அவர்கள் மகிழ்ச்சியோடு தலையாட்டினார்கள். அவர் துப்பியதை நான்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

அன்று முதல் என் நாள் அவர் வாயைச் சுற்றியே போனது. வெற்றிலை போடுவார். படிக்கம் பக்கத்திலேயே இருக்கும். பாதி அதில் விழும், பாதி சுவரில் வழியும். சாப்பிடும்போது மணிக்கட்டு வரை நக்குவார். நடுவில் ஒரு பாட்டு நினைவுக்கு வந்தால் வாயில் சோற்றோடு பாடிக் காட்டுவார். பருக்கைகள் எதிரில் இருப்பவர் மடியில் போய் விழும். அந்த மனிதர் அவற்றைத் தட்டிவிடக்கூட மாட்டார். எழுந்து போகிறபோது ஈரக் கையைக் கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் தொங்கிய திரைச்சீலையில் துடைப்பார். ஆண்கள் இருக்கும்போது நான் அந்தத் திரைக்குப் பின்னால் நின்றுதான் எதையும் கொடுப்பது வழக்கம். என் முகத்துக்கு நேரே ரசம் மஞ்சளாக ஊறி வரும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒருவர் உடம்பு அப்படி, என்ன செய்வது. பால் விஷயம்தான் வேறு.

காலையில் சாதகம் முடிந்ததும் அவருக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சிய பால் வேண்டும். முழுவதும் குடிக்கமாட்டார். அடியில் கொஞ்சம் விட்டு வைப்பார். முதல் நாள் நான் டம்ளரை வாங்கி வந்து கொட்டப்போனபோது சபைக்காரர் ஒருவர் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"தங்கச்சி, தங்கச்சி! ஊத்திடாதே லா!"

டம்ளரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்த் தன் மகன் வாயில் ஊற்றினார். பெரிய பாடகர் வாய்வைத்த பாலைக் குடித்தால் குரல் திறக்குமாம். தமிழ்நாட்டில் அவர் எங்கே தங்கினாலும் இது நடக்குமாம். அப்படி ஒரு வழக்கம் இருந்ததை நான் அதுவரை அறியேன். அடுத்த நாளிலிருந்து பால் முடியும் நேரத்துக்குப் பிள்ளைகளோடு ஆட்கள் வந்தார்கள். மீசை வைத்த ஓர் ஆள் தனக்கே கேட்டு வாங்கிக் குடித்தார். சுங்கை பினாங்கில் இருக்கும் மைத்துனனுக்கென்று ஒருவர் மருந்துப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போனார். ராஜபார்ட் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, "தள்ளாதீங்கப்பா, நாளைக்கும் எனக்கு வாய் இருக்கும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, புளி போட்டுத் தேய்த்து, தனியாகக் கவிழ்த்து வைத்தேன். பிறகு எனக்குப் பால் குடிக்கவே முடியவில்லை.

எங்கள் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்டது. கூப்பிட்டால் ஓடி வருவாள். வேண்டியதைக் கை நீட்டிக் காட்டுவாள். வாய் மட்டும் திறக்காது. ஊமை என்ற சொல்லை உறவுக்காரர்கள் என் காதில் விழும்படியே சொல்லத் தொடங்கியிருந்தார்கள். என் கணவர் அவளை வெளியே தூக்கிக்கொண்டு போவதை நிறுத்தியிருந்தார். ஆகவே அவர் ஒரு மாலை வந்து, "நம்ம பொண்ணுக்குப் பாலு வேணும்னு பாட்டுக்கார அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். வெள்ளிக்கிழமை காலையில, எல்லாரையும் வெச்சுத் தர்றேன்னாரு" என்றபோது, அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சும்மாவே நான் அதிகம் பேசமாட்டேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் போனேன். தமிழ் முஸ்லிம் குடும்பம். அவள் வீட்டுக்காரர் தோளில் காவடிபோல் கம்பு வைத்து, இருபுறமும் கூடை தொங்கவிட்டுச் சோறு விற்பவர். குழாயடியில் எங்கள் இருவருக்கும் நடுவில் தகரத் தடுப்பு ஒன்றுதான்.

"எச்சியவா?" என்றாள். "அலாமாக்! அந்த ஆளு காலையில காறுறதக் கேட்டு எங்க கோழியே முட்ட போட மாட்டேங்குது."

"அவரு கேட்டுட்டாரு அக்கா."

"உன் வீட்டுக்காரருதானே கேட்டாரு? நீ வேணாம்னு சொல்லு."

"காரணம் கேட்டா?"

"காரணமா? சகிக்கலைன்னு சொல்லு. இதுக்கு டாக்டர் சீட்டா வேணும்?"

அவளுக்குச் சுலபம். அவள் மீன்காரனையே தெருமுனை வரை விரட்டுகிறவள். நான் மூன்று இரவு காரணம் தேடினேன். அவருக்கு ஏதாவது நோய் இருந்தால் சொல்லலாம். ஒரு நோயும் இல்லை. கல் போல இருந்தார். பாலில் பிள்ளைக்குக் கெடுதல் வரும் என்றும் என்னால் சொல்ல முடியாது. எத்தனையோ பிள்ளைகள் குடித்துவிட்டு ஓடி விளையாடின. ஒருவேளை பேச்சு வந்துவிட்டால்? அதையும் நினைத்தேன். ஆனால் நினைத்த ஒவ்வொரு முறையும் அந்தச் சிமெண்டுத் தரைதான் கண்முன் வந்தது.

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. பாய் விரித்து, ஊதுவத்தி கொளுத்தியிருந்தார்கள். கம்பெனியின் ஆர்மோனியக்காரரும் வந்திருந்தார். பெண்ணுக்குப் பட்டுப் பாவாடை கட்டி என் கணவர் மடியில் வைத்துக்கொண்டார். அவள் ராஜபார்ட்டின் காதுக் கடுக்கனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பாலை நீட்டினேன்.

அவர் இரண்டு வரி பாடினார். நன்றாகவே பாடினார், பாவி. பிறகு பாலைக் குடித்தார். வழக்கம்போல மிச்சம் வைப்பார் என்று பார்த்தால், கையை உயர்த்தி, "சாதாரணக் குழந்தைன்னா மிச்சம் போதும். இது பேசாத குழந்தை. இதுக்கு வேற முறை" என்றார். கடைசி வாய்ப் பாலை விழுங்காமல் கன்னத்துக்குக் கன்னம் ஒதுக்கிக் கொப்பளித்தார். தொண்டை வரை கொண்டுபோய் அங்கே களகளவென்று ஓட்டினார். அப்புறம் அதை டம்ளருக்குள் திரும்ப விட்டார். கடைசியில் ஒரு நூல் அவர் உதட்டிலிருந்து டம்ளர் விளிம்பு வரை நீண்டு, அறாமல் தொங்கியது. விரலால் அதை வழித்து உள்ளேயே போட்டார். கூடத்தில் "ஆகா" என்றார்கள்.

நான் திரையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. அத்தனை ஆண்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். குனிந்து பெண்ணைக் கணவர் மடியிலிருந்து தூக்கிக்கொண்டேன்.

"என்ன பண்றே?" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வேணாங்க."

"ஏன்?"

"அருவருப்பா இருக்கு."

தேடித் தேடிக் கடைசியில் அது ஒன்றுதான் வாயில் வந்தது. ஆர்மோனியக்காரர் இருமினார், சிரிப்பை மறைத்தார் என்று இப்போது நினைக்கிறேன். ராஜபார்ட் முதலில் சிரித்தார். "அம்மாவுக்குச் சங்கோசம்" என்றார். நான் நகராமல் நிற்பதைக் கண்டு முகம் மாறியது. "ஏம்மா, இந்த எச்சிக்கு மதுரையில ஜமீன் வீட்டுக்காரனே வாசல்ல நின்னிருக்கான், தெரியுமா?"

"நிக்கட்டும்" என்றேன்.

அவர் டம்ளரை என் கணவர் முன்னால் ணங்கென்று வைத்தார். "நீங்க கேட்டதுக்காகத்தானே செஞ்சேன்? கீழே கொட்டினா அது எனக்கு மரியாதை இல்லை. உங்க சபைக்கும் இல்லை."

தினமும் அந்தப் பாலுக்கு அடித்துக்கொண்டவர்களில் ஒருவர்கூட இன்று கை நீட்டவில்லை. மீசைக்காரர் ஊதுவத்தியைப் பார்த்தார். மருந்துப் பாட்டில்காரர் வாசலைப் பார்த்தார். என் கணவர் டம்ளரைப் பார்த்தார்.

"நானே குடிச்சுடுறேன், அண்ணே" என்றார்.

எடுத்து வாயருகே கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது. உள்ளே ஒரு முறை பார்த்தார். அவர் மூக்கின் இரு பக்கமும் சுருங்கியது. உதடு தானாகப் பின்வாங்கியது. ராஜபார்ட் தங்கியிருந்த மூன்று வாரமும் திரைக்குப் பின்னால் என் முகம் இருந்த இருப்பு அதுதான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டார். முழுவதும். ராஜபார்ட் திருப்தியோடு தலையாட்டினார். என் கணவர் கும்பிட்டுவிட்டு, நிதானமாக எழுந்து, திரையை விலக்கிக்கொண்டு பின்னால் போனார். குழாயடியில் அவர் வாந்தியெடுக்கும் சத்தம் கூடம் வரை கேட்டது. தகரத்துக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு அக்கா, "இது யாரு, பாட்டுக்காரரா?" என்று சத்தமாகக் கேட்டாள்.

அன்று மாலையே ராஜபார்ட் வேறொரு சபைக்காரர் வீட்டுக்கு மாறிப்போனார். திரைச்சீலையை நான் அடுப்பில் போட்டேன். என் கணவர் பல நாள் என்னோடு பேசவில்லை. திட்டவும் இல்லை.

சில மாதம் கழித்து, மழை பிடித்திருந்த ஒரு காலையில், பக்கத்து வீட்டுக் கோழி சமையற்கட்டுக்குள் நுழைந்தபோது எங்கள் பெண் அதைப் பார்த்து, "ச்சூ, போ லா!" என்றாள். அக்காவின் குரல், அக்காவின் கை வீச்சு, அப்படியே. அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை.

செய்தி சபைக்குப் போயிற்று. அவர்கள் கூடி ஆராய்ந்து, அப்பா குடித்த பால் மகளுக்கு வேலை செய்திருக்கிறது என்று முடிவு செய்தார்கள். ராஜபார்ட்டுக்குக் கடிதம்கூடப் போட்டார்களாம். அதற்கடுத்து வந்த பாடகர்களிடமும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிலர் என் கணவரை நடுவில் உட்காரவைத்து, "அண்ணே, நீங்களே சொல்லுங்க, குடிச்சதும் எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்கள்.

அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொள்வார். அதைப் பக்தி என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.