என் கணவருக்கு நான் கொடுத்த மெக்னீசியம்

என் கணவருக்கு அடிக்கடி கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மெக்னீசியம் நல்லது என்று தோழி சொன்னதைக் கேட்டு, நானே மாத்திரை வாங்கி இரண்டு வாரம் கொடுத்தேன். தினம் ஒன்றா, இரண்டா என்பதில்தான் குழப்பம். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கப் போனபோது, அவரையும் அழைத்துக்கொண்டு மருந்துக்கடையில் கேட்டேன்.

மருந்தாளரான தமிழ்ப் பெண் சொன்னார்: “நல்லா இருக்கறவங்களே டாக்டரைக் கேக்காம ஒரு நாளைக்கு முந்நூத்தைம்பது மில்லிகிராம் தாண்டக்கூடாதுக்கா. சாருக்குக் கிட்னி பிரச்சினை இருக்கா?”

“அதெல்லாம் இல்லம்மா” என்றேன்.

“இருக்கு” என்றார் என் கணவர், தரையைப் பார்த்தபடி. “போன வருஷம் பிளட் டெஸ்ட்ல சொன்னாங்க. நீ பயப்படுவேன்னு சொல்லல.”

“அப்ப உடனே நிறுத்துங்க சார். கிட்னி சரியில்லன்னா மெக்னீசியம் உடம்புலயே தங்கிடும். இன்னிக்கே டாக்டரைப் பாருங்க.”

பார்த்தோம். ரத்தத்தில் மெக்னீசியம் சற்றே கூடியிருந்தது. மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றார்கள்.

“யாரையும் கேக்காம ஏன் முழுங்குனீங்க?” என்றேன் பஸ்ஸில்.

“நீ ஆசையா கொடுத்தே. எப்படி வேணாங்கறது?”

யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இப்போதெல்லாம் அவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், பதில் சொல்ல அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் கவனிக்கிறேன்.