எஸ்டிமேட்டில் இல்லாத சுமைக்கூலி

மலையூரான காந்தலில் தினகரனைப் பற்றி யாரிடம் கேட்டாலும், "அவருக்கென்னங்க, கை நிறைய வேலை" என்றுதான் சொல்வார்கள். அது உண்மைதான். கை நிறைய வேலை இருந்தது. சட்டைப் பையில்தான் ஒன்றும் இல்லை. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்திருக்கும் என்று கேட்பவர்கள், வீடு கட்டிக் கொடுக்கும் சின்ன கான்ட்ராக்டர் யாரையும் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை என்று அர்த்தம்.

ஐம்பது வயது. கொத்தனாராக இருபது வருடம், அப்புறம் மேஸ்திரி, கடைசிப் பத்து வருடமாகச் சொந்தமாக கான்ட்ராக்ட். வருடத்துக்கு இரண்டு வீடு, தவறினால் ஒன்று. அவர் எழுப்பிய சுவரில் எந்த இடத்தில் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தாலும் ஒரு நூல் விலகாது. கணக்கில்தான் மனிதர் கோட்டை விடுவார். ஒரு வீட்டை முடிக்கப் பணம் போதாமல் போகும். சரியாக அந்த நேரத்தில் அடுத்த வீட்டுக்காரர் அட்வான்ஸோடு வருவார். அந்த அட்வான்ஸில் முந்தைய வீட்டுக்குக் கதவு மாட்டி, பெயின்ட் அடித்துச் சாவியைக் கொடுப்பார். அடுத்த வீடு முடியும்போது அதற்கடுத்த வீடு. பத்து வருடமும் இப்படியே உருண்டது. உருண்டுகொண்டிருக்கும்வரை தான் சம்பாதிப்பதாகத்தான் தினகரன் நினைத்தார்.

இந்த வருடம் அது காளியம்மாள் வீட்டில் வந்து நின்றது.

காளியம்மாள் எமரால்டு ஊர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவள். டிசம்பரில் ரிட்டயர் ஆனாள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். மே மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும் என்று ஆபீஸில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். தனி ஆள். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருடம். பி.எஃப். பணத்தை வைத்து, ரோட்டிலிருந்து அறுபது படி மேலே, மூன்று சென்ட் இடத்தில் இரண்டு அறை கட்டித் தரச் சொன்னாள். முந்நூற்று எண்பது சதுர அடி, அடிக்கு ஆயிரத்து எண்ணூறு என்று தினகரன் பேசினார். ஆரம்பத்தில் இரண்டு லட்சம் கொடுத்தாள். சுவர் ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டம் வந்ததும் இன்னொரு இரண்டு லட்சம் கொடுத்தாள். மீதி சாவி வாங்கும்போது.

அந்த இரண்டாவது இரண்டு லட்சத்தில்தான் தினகரன் வழக்கமான வேலையைச் செய்தார். காந்தலில் மனுவேல் என்பவருக்கு ஒரு ஹோம்ஸ்டே கட்டிக்கொண்டிருந்தார். டைல்ஸும் பாத்ரூம் சாமான்களும் போட்டுவிட்டால் மனுவேல் பாக்கி இரண்டரை லட்சத்தைக் கொடுத்துவிடுவார், அதை எடுத்துக் காளியம்மாளுக்குக் கூரை போட்டுவிடலாம் என்று ஒரு லட்சத்து அறுபதாயிரத்தை அங்கே திருப்பினார். டைல்ஸ் பளபளவென்று வந்தது. மனுவேல் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "சீசன் முடியட்டும் தினகரா, ஜூன்ல பாத்துக்கலாம்" என்றார். அன்றைக்கு மே பன்னிரண்டு. காளியம்மாளின் சுவர்கள் வானத்தைப் பார்த்து நின்றன. ஜூன் பிறந்தால் எமரால்டில் மழை எப்படிப் பெய்யும் என்பது அந்தச் சுவர்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மனைவி பாலாமணி சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தினகரன் இரண்டு தடவை உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். மூன்றாவது தடவை வந்தபோது அவளே கேட்டாள்.

"ஏனுங்க, சங்கிலி வேணுமா?"

இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவளிடம் எதை மறைப்பது? "ஒரு மாசம் புள்ள. மனுவேல் குடுத்ததும் திருப்பிடலாம்."

"தாரனுங்க. அதுக்கு முந்தி அந்த எஸ்டிமேட்டைக் கொண்டாங்க. நம்ம பணம் எங்க போகுதுன்னு நானும் ஒருக்கா பாக்கோணும்."

பாலாமணி நிதானமாகப் படித்தாள். அஸ்திவாரம், கல், சிமெண்ட், எம்.சாண்ட், கொத்தனார் கூலி, கடைசியில் பத்து சதவீதம் லாபம், அறுபத்தெட்டாயிரத்து நானூறு. மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தாள்.

"இதுல சுமைக்கூலி எங்கீங்க?"



மலையில் லாரி ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து மணலும் கல்லும் மனிதர் தலையில்தான் ஏற வேண்டும். தினகரனிடம் கருப்பம்மாவோடு மூன்று பெண்கள் சுமந்தார்கள். ஒவ்வொரு நடைக்கும் மேலே போனதும் ஒரு கூழாங்கல்லைப் பழைய பெயின்ட் டப்பாவில் போடுவார்கள். சாயங்காலம் கல்லை எண்ணி, நடைக்குப் பத்து ரூபாய் என்று தினகரன் கையோடு கொடுத்துவிடுவார். சிமெண்ட் கடையில் கடன் சொல்வார், கொத்தனாருக்குக்கூடச் சனிக்கிழமை பாதிக் கூலி பாக்கி வைப்பார். இந்தக் கூலியை மட்டும் ஒரு நாளும் தள்ளியதில்லை. ஆனால் எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு வரி எழுதியதும் இல்லை.

"எழுதுனா ஊட்டுக்காரங்க அதுலதான் மொதல்ல கை வெப்பாங்க" என்றார் தினகரன். "சிமெண்ட்ல பேசலாம், கம்பியில பேசலாம். பொம்பளைக சுமக்கற சுமையில பேரம் பேசறதக் கேக்க என்னால முடியாது. நீ குன்னூர்ல சுமந்தப்ப நான் பாத்தேனில்ல?"

குன்னூரில் ஒரு பங்களா வேலை. பாலாமணிக்குப் பத்தொன்பது வயது. சும்மாடு கட்டி, மணல் சட்டியோடு தொண்ணூறு படி ஏறுவாள். வாரக் கடைசியில் அந்த கான்ட்ராக்டர் எல்லாருக்கும் கொடுத்து மிஞ்சியதைத்தான் சுமந்த பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பான். ஒரு வாரம் மிஞ்சவே இல்லை. அன்று அவள் படியில் உட்கார்ந்து அழாமல் இருந்ததைப் பார்த்துத்தான் தினகரன் அவளைக் கட்டிக்கொண்டார். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருப்பாராம், அவரே சொல்வார்.

பாலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பும் வந்தது.

"எனக்காகன்னு சொல்லி எஞ் சங்கிலியவே அடகு வெக்கப் போறீங்களா? இந்த ஊட்டுக்கு எத்தனை நடை?"

"அஞ்சாயிரத்து எண்ணூத்தி இருவது."

"அம்பத்தெட்டாயிரத்து இருநூறு. உங்க லாபத்துல மிச்சம் பத்தாயிரம். அஞ்சு மாசப் பாட்டுக்கு." பட்டாணித் தோலைக் கீழே வைத்தாள். "அந்த ஓட்டையத்தான் இத்தன வருசமா அடுத்தவங்க அட்வான்ஸ்ல அடைச்சிருக்கறீங்க. இன்னொண்ணு சொல்றனுங்க, கோவிச்சுக்காதீங்க. நாங்க சுமந்தது வேலைங்க. கொத்தனாரு வேலைக்கு ஒரு வரி இருக்குது, எங்க வேலைக்கு இல்ல. நீங்க பாவம் பாத்துத் தர்ற மாதிரி ஆயிப்போச்சு. வேலைன்னா எழுதோணுமுங்க."

அந்த வார்த்தை தினகரனுக்குச் சுருக்கென்று பட்டது. பத்து வருடமாகத் தான் பெருமையாகச் செய்துகொண்டிருந்த ஒரே காரியம் அதுதான். அதிலும் தப்பு இருக்கிறதென்றால் மனிதர் எங்கே போவார்? வெளியே போய், காய்ந்துகொண்டிருந்த துணிகளைக் காரணமில்லாமல் திருப்பிப் போட்டார். பிறகு உள்ளே வந்து, புதிதாக ஒரு தாள் எடுத்து, எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதினார். சுமைக்கூலி என்ற வரியை எழுதும்போது கையெழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

மறுநாள் இருவரும் எமரால்டு பஸ்ஸில் போனார்கள். காளியம்மாள் மக்கில் தண்ணீர் மொண்டு சுவருக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். தினமும் லைனிலிருந்து நடந்து வந்து அவளேதான் ஊற்றுவாள். தினகரன் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். பணம் எங்கே போனது, எப்போது வரும், கையில் எவ்வளவு இருக்கிறது, எல்லாம்.

காளியம்மாள் மக்கைக் கீழே போட்டாள்.

"எம் பணத்துல இன்னொருத்தன் ஊட்டுக்கு டைல்ஸ் ஒட்டுனியா மேஸ்திரி? நான் முப்பத்தொண்ணாம் தேதி எங்க போவேன்? தேயிலைக்குள்ள படுக்கவா?"

"தப்புங்கக்கா" என்றார் தினகரன். தாளை நீட்டினார். "இதுல சுமைக்கூலின்னு இருக்கறத நான் உங்ககிட்ட கேக்கலீங்க. பேசுன ரேட்டு பேசுனதுதான். எங்க ஓட்டைன்னு காட்டத்தான் எழுதுனேன்."

அவள் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு கூரையில்லாத அறைக்குள் போய், தினமும் கூடவே தூக்கி வந்து மூலையில் வைக்கும் கூடையைத் துழாவி, ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தாள்.

"அம்பத்தஞ்சாயிரம் இருக்கு. மொத மணல் லாரி வந்த அன்னைக்கே எடுத்து வெச்சேன். கருப்பம்மாகிட்ட ரேட்டுக் கேட்டேன், தினம் கல்லையும் எண்ணினேன். மூவாயிரத்துச் சொச்சம் கொறையுது, அது சாவி வாங்கறப்ப."

தினகரன் வாங்காமல் நின்றார்.

"வாங்கு. முப்பத்தெட்டு வருசம் கொழுந்து மூட்டைய முதுகுல போட்டு எடை போடற எடத்துக்குத் தூக்குனவ நான். சுமைக்குக் கூலி உண்டுன்னு எனக்குத் தெரியாதா? நீ கேப்ப கேப்பன்னு பாத்தேன். நீ கேக்கவே இல்ல. இந்தப் பொம்பளகிட்ட எங்க இருக்கப் போகுதுன்னு நெனச்சுட்டான் போலன்னு, எத்தன நாள் மனசு வெந்துச்சு தெரியுமா?"

தினகரனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரக்கப்பட்டதாக நினைத்து இவ்வளவு நாள் ஒருத்தியின் மானத்தைச் சுட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத" என்றாள் காளியம்மாள். "ரெண்டு ரூமுக்கும் கூரை ஏறட்டும், அப்புறம் பாக்கலாம்."

அன்று மத்தியானமே தினகரன் மனுவேலிடம் போனார். எப்போதும் கேட்டருகே நின்று, சீசன் எப்படி, கூட்டம் எப்படி என்று விசாரித்துவிட்டுத் திரும்புகிறவர், அன்று உள்ளே போய்த் தான் போட்ட டைல்ஸ் மேலே உட்கார்ந்து கேட்டார். முப்பதாயிரம் கையில் கிடைத்தது. மீதிக்கு ஜூன் இருபது என்று தேதி எழுதி வாங்கினார். காளியம்மாள் கொடுத்ததோடு சேர்த்தால், முன் அறைக்கு இரும்புச் சட்டம் ஏற்றி ஷீட் போட அது போதும். பாலாமணியின் சங்கிலி கழுத்திலேயே இருந்தது. வங்கியில் ஒரு தனிக் கணக்கு தொடங்கினார்கள். இனி எந்த வீட்டுப் பணமும் அந்த வீட்டைத் தாண்டிப் போகாது என்று பாலாமணி பாஸ்புத்தகத்தைத் தானே எடுத்து வைத்துக்கொண்டாள்.

மே இருபத்தொன்பதாம் தேதி காளியம்மாள் குடிவந்தாள். முன் அறைக்கு நீல ஷீட், பின் அறைக்குத் தார்ப்பாய். மேற்கே மேகம் கறுத்து நின்றது. அவளுடைய தகரப்பெட்டியைக் கருப்பம்மா சும்மாட்டில் வைத்து அறுபது படியும் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினாள்.

பழக்கதோஷம், தினகரனின் கை சட்டைப் பைக்குப் போனது. பாலாமணி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடு மேஸ்திரி" என்றாள் காளியம்மாள், பார்க்காமலே. "எம் பொட்டி, எம் ஊடு."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, கருப்பம்மாவின் உள்ளங்கையில் கூலியை வைத்தாள். அவள் எண்ணிப் பார்த்துத் தலையாட்டும்வரை வெளியிலேயே நின்றாள். அதற்கப்புறம்தான் வாசற்படியில் வலது காலை எடுத்து வைத்தாள்.