கோடு வந்தால் அணை

மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் பையோடு வந்து இறங்கியது சித்தி வீட்டில். எனக்குக் கொடுத்த அறையில் ஏற்கெனவே ஒரு ஆள் குடியிருந்தது: சித்தியின் பன்னிரண்டு வயதுக் கம்ப்யூட்டர். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, திறந்த வயிற்றுக்கு நேராக மேசை விசிறியை வைத்திருந்தாள். அந்த அறைக்கு இருந்ததே அந்த ஒரு விசிறிதான்.

"உனக்கு வேர்த்தா ஜன்னலைத் திறந்துக்கோ. அதுக்கு வேர்த்தா என் பொழப்பு போயிடும்" என்றாள்.

சித்தி லேபிள் வரைகிறவள். ஜாம் பாட்டில், சோப்பு உறை, மெழுகுவத்திப் பெட்டி எல்லாவற்றுக்கும் படம் போடுவாள். தெருவில் அவளுக்கு ஸ்டிக்கரம்மா என்று பெயர். கடைக்குப் போனால் எதுவும் வாங்காவிட்டாலும், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஜாம் பாட்டில்களை ஒவ்வொன்றாக முகம் தெரியத் திருப்பி வைத்துவிட்டுத்தான் வருவாள். இருபது வருடமாக வரைந்த எதிலும் அவள் பெயர் இருந்ததில்லை.

கம்ப்யூட்டருக்கு வந்த நோய் கிராபிக்ஸ் கார்டில், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் அட்டையில். இருபது நிமிடத்தில் சூடேறிவிடும். முதலில் திரையில் கோடுகள் வரும், பிறகு கட்டம் கட்டமாகச் சிதறும், அப்புறம் ஒரே இருட்டு. பழுதுபார்க்கிறவரைக் கம்ப்யூட்டர் டாக்டர் என்றுதான் இந்த வீட்டில் சொல்வார்கள். அவர் ஆறு மாதம் முன்பே கையை விரித்துவிட்டார். போகும்போது ஒரே ஒரு கட்டளை போட்டுவிட்டுப் போனார்: "கோடு வந்தா உடனே அணைச்சுடுங்க. இல்லேன்னா கார்டு மொத்தமா போயிடும்."

வீட்டுக்கு அதுவே சட்டமானது. கோட்டை யார் பார்த்தாலும் அணைக்க வேண்டும். சித்தி இருபது நிமிடம் வரைவாள், அணைப்பாள், அது ஆறும்வரை பாத்திரம் துலக்குவாள். மறுபடி வரைவாள், அணைப்பாள், துணி மடிப்பாள். அட்டை கெட்டதிலிருந்து வீடு கண்ணாடிபோல இருந்தது. எந்த நிமிடம் இருட்டுமோ என்ற பயத்தில், ஒவ்வொரு கோடு போட்டதும் சேமிப்பது அவள் விரலுக்கே பழகிப்போயிருந்தது.

நான் வந்த வாரம் அவளுக்கு ஒரு பெரிய வேலை கிடைத்திருந்தது. விதைக்கடைக்காரர் இருபத்து நான்கு விதைப் பாக்கெட்டுகளுக்குப் படம் கேட்டிருந்தார். "பின்பக்கம் உங்க பேரையும் போட்டுடலாம்மா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். அதை என்னிடம் மட்டும் சித்தி நான்கு தடவை சொன்னாள். ஆனால் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் படங்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் பழைய பாக்கெட்டையே திரும்ப அடித்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம். இருபத்து மூன்று முடிந்திருந்தன. மிச்சம் தர்பூசணி. நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்குகிற வாசனைக்குச் சித்தி எழுந்து ஓடியிருக்கிறாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் சித்தப்பா, இரண்டு நடைக்கு நடுவே சாப்பிட வந்தவர், அறையை எட்டிப் பார்த்திருக்கிறார்.

நான் இறங்கி வந்தபோது அவர் கையில் பிளக்கோடு வெற்றிவீரனாக நின்றார்.

"காப்பாத்திட்டேன்! திரை பூரா பச்சைப் பச்சையா கோடு! நல்லவேளை நான் பார்த்தேன்."

சித்தி கரண்டியோடு வாசலில் நின்றாள். "அது தர்பூசணிங்க."

"எது?"

"கோடு. பழத்தைப் பெரிசு பண்ணி வச்சிருந்தேன்."

சித்தப்பா பிளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெல்லத் திரும்பச் சொருகினார். பெட்டி உறுமியது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பத்து நிமிடம் ஆறவிட்டும் அப்படியே. சித்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தாள்.

டாக்டருக்கு நானே போன் போட்டேன். பக்கத்து ஊரில் இருந்தார், வர ஐந்தாகுமாம். "கார்டைக் கழட்டி, பொன் நிறமா இருக்கற ஓரத்தை ரப்பரால தேய்ச்சுப் பாருங்க" என்றார். என் பயணப் பையிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவருக்கு மூன்று ஆண்டில் முதல் வேலை. சித்தப்பா டார்ச் பிடித்தார். தேய்த்தோம், மாட்டினோம். பலன் இல்லை. மறுபடி டாக்டருக்குப் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அப்ப கார்டைக் கழட்டி வெளியிலேயே போட்டுடுங்க. பெட்டிக்குப் பின்னாடி, மவுஸ் சொருகற இடத்துக்குப் பக்கத்துல, மானிட்டர் வயருக்கு இன்னொரு ஓட்டை இருக்கும். அதுல மாட்டுங்க, கார்டு இல்லாமலே படம் வரும்."

இருந்தது, சிவப்பு பிளாஸ்டிக் மூடியோடு.

"இதை அப்பவே சொல்லக் கூடாதா?" என்று சித்தி சீறினாள்.

"சொன்னேனே ஸ்டிக்கரம்மா! படம் மெதுவாத்தான் வரும்னேன். 'மெதுவா வர்றதுக்கு வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு'ன்னு நீங்கதான் விரட்டினீங்க."

சித்தப்பா டார்ச்சை அணைத்துவிட்டு இருமினார்.

வயரை மாட்டியதும் திரை வெளுத்தது. படம் வந்தது, ஒரு கோடும் இல்லாமல், அதாவது பழத்தின் கோடுகள் மட்டும். சேமித்துச் சேமித்து வைத்த பழக்கத்தால் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் மவுஸை இழுத்தால், கூப்பிட்ட பிள்ளை "தோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு அப்புறம் வருவதுபோல, கை போன பிறகுதான் கோடு வந்தது. நான்கு மணிக்குள் அச்சகம் சேர மூன்றேகாலுக்குச் சித்தப்பாவின் வேன் கிளம்ப வேண்டும். மூன்று ஐந்துக்குப் பழத்தின் ஒரு பக்கம் இன்னும் வெறுமையாக இருந்தது.

சித்தி ஒரு நொடி யோசித்து, அந்தப் பக்கத்தில் வெளிர் மஞ்சளைக் கொட்டினாள்.

"கோடு போடலையா சித்தி?"

"இது தரையில படுத்துக் கிடந்த பக்கம். வெளிறித்தான் இருக்கும்."

"நெசமாவா?"

"ஊர் ஊரா சுத்தினியே, ஒரு பழத்தைப் புரட்டிப் பார்த்தியாடி?"

பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டிக்கொண்டு சித்தப்பா ஓடினார். மூன்று நாற்பதுக்கு அச்சக வாசலிலிருந்து போன்: "குடுத்துட்டேன். இப்பவாவது சாப்பிடலாமா?"

"வந்தா போடறேன்" என்றாள் சித்தி.

பாக்கெட்டுகள் அடுத்த வாரம் வந்தன. "அந்த மஞ்சள் திட்டை இதுவரைக்கும் யாரும் போட்டதில்லைம்மா, நிஜப் பழம் மாதிரியே இருக்கு" என்றார் விதைக்கடைக்காரர். சித்தி காதில் விழுந்ததா தெரியவில்லை. இருபத்து நான்கையும் முகம் கீழாக மேசையில் பரப்பி, பின்பக்கங்களை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் ஒரே பெயர்தான்.

இப்போது கம்ப்யூட்டர் நிற்பதே இல்லை, அதனால் சித்தியும் எழுவதில்லை. விசிறி எனக்குக் கிடைத்துவிட்டது. பாத்திரங்கள் சித்தப்பாவுக்குக் கிடைத்துவிட்டன. நேற்று சோப்புக் கையோடு வாசலில் வந்து நின்றார். திரை முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோடுகள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் எதையும் தொடலை. இது என்னன்னு மட்டும் சொல்லிடு."

"வரிக்குதிரைங்க."

"அப்ப சரி" என்று திரும்பிப் போனார்.