சின்னக்குழந்தையின் பிராது

சின்னக்குழந்தைக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். கேட்டால் கோபம் வரும் என்பதால் யாரும் கேட்டதில்லை. நல்ல உயரம், உயரத்துக்கேற்ற குரல். புதூர்நாட்டுக்கு மேலே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த சிற்றூரான மேல்கொட்டாயில் அவள் ஒரு முனையில் நின்று பேசினால் மறுமுனையில் கட்டியிருக்கும் மாடு திரும்பிப் பார்க்கும். பிள்ளை குட்டி கிடையாது. புருஷன் காய்ச்சலில் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரு துண்டு சாமைக் கொல்லை, சில ஆடுகள், வீட்டுக்கு முன்னால் ஒரு பலா மரம். இவற்றை வைத்துக்கொண்டு யார் பேச்சையும் கேட்காமல் நிம்மதியாக இருந்தாள்.

அந்தப் பலா மரம்தான் அவளைக் கீழே தள்ளியது. தள்ளியது என்பது அவள் சொல்வது. ஊர் சொல்வது வேறு. உச்சிக் கிளையில் இருந்த காயை எட்ட வேண்டாம், இறங்கி வா என்று பக்கத்து வீட்டுச் செல்லி கீழேயிருந்து கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சுடச்சுட ஒரு பதில் சொல்லக் குனிந்தபோது சின்னக்குழந்தை விழுந்தாள். பதிலைப் பாதியில் விட்டுவிட்டு விழுந்ததில் அவளுக்குக் கடைசிவரை வருத்தம் உண்டு.

கம்பில் துணியைத் தொங்கவிட்டு டோலி கட்டி, மலைக்குக் கீழே ஒடுகத்தூருக்கு இறக்கினார்கள். அங்கே அவள் தம்பி கருப்பன் மல்லாட்டைக் கடலை மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் காட்டினான். மாதக்கணக்கில் பச்சிலைக் கட்டு. வலி அடங்கியது. ஆனால் இடுப்புக்குக் கீழே பிடிமானம் திரும்பவில்லை. நிற்க முடியாது. இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, உட்கார்ந்தபடியே நகரத்தான் முடியும்.

தம்பி பெண்டாட்டி நல்லவள். அதுதான் பிரச்சினை. தலை வாரிவிட்டாள், சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தாள், காலை நீட்டிவிட்டாள், மடக்கிவிட்டாள்.

"மூக்கு ஒண்ணுதான் நானே சிந்துறேன். அதையும் சீக்கிரம் புடுங்கிக்குவா. என்னை மலைக்கு ஏத்திடு" என்றாள் சின்னக்குழந்தை தம்பியிடம்.

"அங்க தனியா இன்னாக்கா பண்ணுவ?"

"இங்க இன்னா பண்றேனோ அதைவிட ஜாஸ்தி பண்ணுவேன்."

கருப்பன் டோலியோடு மேலே வந்தான். ஊருக்குத் தலைவரான கவுண்டர் வேடியப்பனிடம், "நீங்க பாத்துக்கிட்டீங்கன்னா வுட்டுட்டுப் போறேன். இல்லன்னா இப்படியே திருப்பி இறக்கிக்கினு போறேன்" என்றான். மானமுள்ள ஊரிடம் அப்படிப் பேசலாமா? "எங்க ஊர்ப் பொம்பளைய நாங்க பாத்துக்க மாட்டமா?" என்று வேடியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மலைக்கு பிளாக் ஆபீஸ் வந்த புதிது அது. அறுபத்தொன்றோ அறுபத்திரண்டோ. செங்கத்துப் பக்கத்துப் பெண்ணான அம்சவல்லி, ஊர்ப் பெண்களுக்கு வழிகாட்டும் கிராமசேவிகாவாக வந்திருந்தாள். குடையும் துணிப்பையுமாக ஊர் ஊராக ஏறி இறங்குவாள். மேல்கொட்டாயில் மாதர் சங்கம் ஒன்று வைத்திருந்தாள். அதுவரை அந்தச் சங்கம் சாதித்தது, ஒரு பாட்டைப் பாதிவரை கற்றதும், நுரைக்காத சோப்பு ஒரு தட்டு காய்ச்சியதும்தான். உருப்படியாக ஒரு வேலை வராதா என்று அம்சவல்லி ஏங்கிக்கொண்டிருந்தபோது, சின்னக்குழந்தை டோலியில் வந்து இறங்கினாள்.

"முறை வெச்சுக்கலாம். ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீடு. தண்ணி, விறகு, வீட்டு வேலை. யாருக்கும் பாரம் இல்லை" என்றாள் அம்சவல்லி. எல்லாரும் தலையாட்டினார்கள். கருப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

முதல் சில நாள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு போட்டி வந்துவிட்டது. ஒரு வீடு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் அடுத்த வீடு நான்கு. ஒருத்தி கீரை கடைந்து கொண்டுவந்தாள் என்று தெரிந்ததும், மறுநாள்காரி பலாக்கொட்டைக் குழம்பு வைத்தாள். தினம் ஒருத்தி சாணம் மெழுகினாள். தரையிலேயே வாழ்கிற பெண்மணி எந்நேரமும் ஈரத்தில் குந்தியிருந்தாள். வீடு சுத்தமாகத் தெரிய வேண்டுமென்று சட்டி பானைகளைப் பரணில் ஏற்றினார்கள். உப்புச் சட்டி உறிக்குப் போயிற்று. தீப்பெட்டி சுவரின் தலையில் உட்கார்ந்தது. ஆடுகளை மேய்ச்சலுக்கு யாரோ ஓட்டிப் போனார்கள். சும்மா இருக்க முடியாமல் அவள் ஒரு கையை ஊன்றி அசைந்தால் போதும், "நீங்க உக்காருங்க அத்தே" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். உட்கார்ந்தே இருப்பவளை ஊரே உட்காரச் சொன்னது.

வீட்டுத் தரை வாசலைவிட முழங்கால் உயரம். அவளால் இறங்க முடியாது. காலையில் இரண்டு பேர் தூக்கி வாசலில் வைப்பார்கள், பொழுது சாய்ந்தால் தூக்கி உள்ளே வைப்பார்கள். காயப் போட்டு எடுக்கிற மாதிரி.

ஒரு நாள் புளி உலர்த்தியிருந்த நேரத்தில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்க ஓட்டம். பாயோடு சுருட்டிக்கொண்டு ஓடினவர்கள், முறத்தில் வாரிக்கொண்டு ஓடினவர்கள், எல்லாரும் சின்னக்குழந்தையைத் தாண்டித்தான் ஓடினார்கள். புளியெல்லாம் பத்திரமாக உள்ளே போன பிறகுதான் செல்லிக்கு ஞாபகம் வந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தால், தலைமுடி முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, சின்னக்குழந்தை பலா மரத்தைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கோச்சிக்காதீங்க அத்தே. புளி நனைஞ்சா கெட்டுப் பூடும். நீங்க நனைஞ்சா காஞ்சிடுவீங்க" என்றாள் செல்லி.

வழக்கமாக இதற்கு ஊர் கேட்க ஒரு பதில் வந்திருக்க வேண்டும். சின்னக்குழந்தை தூக்கச் சொல்லிக் கையை மட்டும் நீட்டினாள். உள்ளே போன பிறகு, யாரும் பார்க்காதபோது, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்தது மழைத்தண்ணீர் மட்டும் இல்லை. பிறகு வாசல் பக்கம் திரும்பி, "கவுண்டரைக் கூப்புடு. எனக்கு ஒரு பிராது கீது" என்றாள்.

ஊர் கூடியது. பிராது கொடுத்தவளைப் புங்க மரத்தடிக்குத் தூக்கி வந்தவர்கள், யார் மேல் பிராதோ அவர்களேதான். சேதி போய்க் கருப்பனும் ஒரு டோலிக் கம்போடு வந்து தயாராக நின்றான். அம்சவல்லி குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா பிராது?" என்றார் வேடியப்பன்.

"என்னை ஒரு வேலையும் செய்ய வுட மாட்றாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

வேடியப்பன் மீசையைத் தடவினார். கொல்லையில் ஆடு மேய்ந்த பிராது பார்த்திருக்கிறார், வரப்பு வெட்டிய பிராது பார்த்திருக்கிறார். உபகாரம் செய்துவிட்டார்கள் என்று யாரும் அவரிடம் வந்ததில்லை.

செல்லிக்குப் பொறுக்கவில்லை. "நாலு கொடம் தண்ணி தூக்கியாந்து ஊத்துனேன். அதுவா தப்பு?"

"ஊத்துனது தப்பில்லடி. கொடத்தை மேடை மேல வெச்ச பாரு, அது தப்பு. எட்டி மொண்டு குடிக்க நான் இன்னா கொக்கா? உப்பை உறியில தொங்க வுட்டது யாரு? அண்ணாந்து உப்பைப் பாத்துக்கினே சப்புன்னு களி துன்னுக்கினு கீறேன்."

யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு ஆளாளுக்குக் குறை கிளம்பியது. என் குழம்பைப் புளிப்பு என்றாள், என் களியைக் கட்டி என்றாள், மெழுகியது திட்டுத்திட்டு என்றாள். எல்லாவற்றுக்கும் சின்னக்குழந்தை, "ஆமா, சொன்னேன்" என்று ஒப்புக்கொண்டாள்.

கருப்பன் முன்னால் வந்தான். "சண்டை எதுக்கு? நான் கூட்டிக்கினு போறேன்."

"நீ குந்து" என்றாள் அக்கா. கம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் உட்கார்ந்தான்.

அம்சவல்லிக்கு முகம் சிவந்திருந்தது. தான் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு இப்படிப் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டதே என்று வருத்தம். ஆனாலும் கேட்டாள். "சரிங்கம்மா. இன்னா செய்யணும்னு நீங்களே சொல்லுங்க."

மரத்திலிருந்து விழுந்ததிலிருந்து சின்னக்குழந்தையை யாரும் அப்படிக் கேட்டதில்லை. திட்டுவதற்குத்தான் அவள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்திருந்தாள். தரையில் கிடந்த புங்கம்பூவை விரலால் ஓரமாகத் தள்ளினாள்.

"தண்ணி ஒரு கொடம். தரையில. வெறகு கொஞ்சம். மத்ததை நான் பாத்துக்குவேன்." பிறகு அவளுக்கே உரியதல்லாத ஒரு சின்னக் குரலில் சொன்னாள்: "வாசல்ல எறங்கணும். நானே."

வேடியப்பன் தீர்ப்புச் சொன்னார். கேட்காமல் அந்த வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் ஊர்க் கோயிலுக்கு ஒரு தேங்காய். தேங்காய்க்கு ஒடுகத்தூர்வரை இறங்க வேண்டும் என்பதால் தண்டனை கடுமையானதுதான்.

வாசலில் இறங்குவதற்கு, படிக்குப் பதிலாக மண்ணைக் கொட்டிச் சரிவு போட்டுவிடலாம் என்று அம்சவல்லிக்குத் தோன்றியது. மாதர் சங்கத்துக்கு முதல்முறையாக உற்சாகம் வந்தது. செம்மண் வெட்டி, சரளை கலந்து, கட்டையால் அடித்தார்கள். சின்னக்குழந்தை உள்ளே உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். சரிவு தயாரானதும் எல்லாரும் சுற்றி நிற்க, இரண்டு கையையும் ஊன்றி இறங்க ஆரம்பித்தாள். ஆரம்பித்ததுதான் தெரியும். சரசரவென்று சறுக்கிக்கொண்டு போய் ஆட்டுக்கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தாள். ஆடுகள் தெறித்து ஓடின.

"அத்தே!" என்று செல்லி ஓடிவந்தாள்.

"தொடாத. தேங்கா வாங்கணும்" என்றாள் சின்னக்குழந்தை, மண்ணைத் தட்டிக்கொண்டே.

சரிவை நீளமாக்கினார்கள். பிடித்துக்கொள்ள ஓரத்தில் கல் நட்டார்கள். இந்தமுறை அம்சவல்லி, "நான் முதல்ல பாக்கறேன்" என்று சொல்லி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தபடியே இறங்கிக் காட்டினாள். சர்க்கார் உத்தியோகம் பார்க்கிற பெண் செம்மண்ணில் நகர்ந்து வருவதைப் பார்க்க மேல்கொட்டாயே கூடியிருந்தது. பாதியில், "இங்க கொஞ்சம் மேடா இருக்கு, தட்டணும்" என்றாள். தட்டினார்கள்.

அதற்கப்புறம் சின்னக்குழந்தை இறங்கினாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. வாசலுக்கு வந்ததும் யாரையும் பார்க்காமல் நேரே பலா மரத்தடிக்குப் போனாள். அண்ணாந்து பார்த்தாள். அடிமரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். கோபமா, செல்லமா, யாருக்கும் விளங்கவில்லை.

கற்கள்மேல் நகர்ந்ததில் புடவை கிழிந்தது, தோல் உரிந்தது. வாணியம்பாடியிலிருந்து கடுக்காய் வாங்கக் கழுதைகளோடு வருகிற பாஷா அதைப் பார்த்தார். தோல் பதனிடுகிறவர்களுக்குத்தான் அவர் கடுக்காய் வாங்கிப் போவது. அடுத்தமுறை வரும்போது, தடித்த எருமைத் தோலில் ஒரு துண்டு கொண்டுவந்தார். இடுப்பில் கட்டிக்கொள்ள வார் வைத்துத் தைத்திருந்தது.

"நாத்தம் அடிக்குதே பாய்" என்றாள் சின்னக்குழந்தை, அதைக் கட்டிக்கொண்டே.

"போகப் போகப் பூடும்மா."

போகவில்லை. ஊர் நாய்களெல்லாம் அவள் பின்னால் வரிசையாக நடக்க ஆரம்பித்தன. இரண்டு கையையும் ஊன்றி நகர்வதும், இடுப்பில் செருகிய குச்சியை எடுத்து நாய்களை விரட்டுவதுமாகச் சின்னக்குழந்தை வருவது தூரத்திலேயே தெரியும். அது வீட்டுக்காரிகளுக்கு ஒருவகையில் சௌகரியம். அடுப்படியைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக்கொள்ள நேரம் கிடைத்தது.

ஏனென்றால், இப்போது அவள் ஊர் முழுக்கப் போனாள். புளி கொட்டை எடுக்கிற வீட்டில் போய் உட்கார்ந்து கொட்டை எடுத்தாள். கடுக்காய் தட்டினாள். கொல்லை வேலைக்குப் போகிறவர்கள் விட்டுப் போகிற குழந்தைகளை அதட்டி வைத்துக்கொண்டாள். ஒரு கூலியும் கேட்கவில்லை. கருத்துச் சொல்லுகிற உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டாள். செல்லி வீட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு உள்ளே வர முடியவில்லையே என்று தினம் குரல் கொடுத்ததில், செல்லி தன் வாசலுக்கும் ஒரு சரிவு போட்டாள். அவள் உள்ளே வந்துவிடுவாளே என்று பயந்தே சரிவு போடாமல் விட்ட வீடுகளும் உண்டு. "அந்தச் சேவிகாம்மா நல்லதுதான் பண்ணாங்க. யாருக்குப் பண்ணாங்கன்னுதான் தெரியல" என்று வேடியப்பனின் பெண்டாட்டியே ஒரு நாள் சொன்னாள்.

இரண்டு வருடம் கழித்து, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் சடையன் என்ற பெரியவருக்குப் பார்வை சுத்தமாகப் போய்விட்டது. மகள் வீட்டுக்கு வர மாட்டேன், என் வீட்டில்தான் இருப்பேன் என்று பிடிவாதம். மகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரோ சின்னக்குழந்தையிடம் யோசனை கேட்கச் சொன்னார்கள். அழைப்பு வந்ததும், கல்யாணத்துக்குப் புறப்படுகிற மாதிரி வெளுத்த புடவை கட்டிக்கொண்டு டோலியில் கிளம்பினாள்.

சடையன் வீட்டுக்குள் ஏழெட்டுப் பேர் அவரைச் சுற்றி நின்றிருந்தார்கள். சின்னக்குழந்தை நடுவில் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போட ஆரம்பித்தாள். "அந்தப் பானையை நகத்தாதீங்க. கட்டிலைத் தொடாதீங்க. எது எங்க கீதோ அங்கயே இருக்கட்டும். எதா இருந்தாலும் அவரைக் கேட்டுத்தான் செய்யணும். கேக்காம செய்யற உபகாரம் உபகாரமே இல்ல." அரைமணி நேரமாவது பேசியிருப்பாள். கடைசியில் மகள், "அப்பா, உனக்கு இன்னா வேணும், நீயே சொல்லு" என்றாள்.

சடையன் தொண்டையைக் கனைத்தார். "கதவாண்டயிருந்து ஆட்டுப் பட்டிவரைக்கும் ஒரு கயிறு கட்டிக் குடுங்க. புடிச்சிக்கினு போய் வந்துக்குவேன்."

"அவ்ளோதானா?"

"இன்னொண்ணு. முதல்ல இந்தம்மாவை வெளிய தூக்கிக்கினு போங்க. காது வலிக்குது."

எல்லாரும் சின்னக்குழந்தையைப் பார்த்தார்கள். யாரையும் தொடவிடாமல், அவள் கையை ஊன்றித் தானாகவே வாசலுக்கு நகர்ந்தாள்.

கயிறு கட்டுகிறவரை வெளியே டோலிக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். சடையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பட்டிவரை போய், ஒரு ஆட்டின் தலையைத் தடவிவிட்டுத் திரும்பி வந்ததைப் பார்த்தாள். கயிறு கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டாள். மகள் கொடுத்த சாமைச் சோற்றைக் குறை சொல்லாமல் சாப்பிட்டாள்.

திரும்புகிற வழியெல்லாம் டோலி காரணமில்லாமல் குலுங்கியது. தூக்கிய இரண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சிரிக்கறதுன்னா எறக்கி வெச்சிட்டுச் சிரிங்கடா. என்னைக் கீழ போட்றாதீங்க" என்றாள் சின்னக்குழந்தை.

ஒரு பாறை ஓரமாக இறக்கி வைத்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் கொஞ்சநேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளுக்கும் தாங்கவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் பள்ளத்தில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலை நிமிர்ந்தன.