பைண்டு பண்ணக் கொடுத்த சரித்திரம்

என்னைப் பாராட்டி ஒரே ஒரு முறைதான் மேடையில் மாலை போட்டிருக்கிறார்கள். மாலை கழுத்தில் கிடந்த நேரம் முழுவதும், எப்போது வீட்டுக்குப் போய்ப் படுப்போம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடக்கம் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். வெறும் அலுப்பு.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். மூன்றாம் வகுப்பு என்றால் நாள் முழுக்கக் கத்த வேண்டும். நாலு மணிக்கு மணி அடித்ததும் மற்ற டீச்சர்கள் வீட்டுக்குப் போவார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு மயிலாப்பூருக்கு நடப்பேன். லஸ்ஸுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், வாடகை வீட்டில், கண் தெரியாத பெண்களுக்கான இல்லம் ஒன்று இருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் அங்கே தங்கிப் பிரம்பு நாற்காலி பின்னிக்கொண்டிருந்தார்கள். என்னைப் போல நாலைந்து பேர் சும்மா உதவிக்கு வருவோம். ஒருவர் கடிதம் எழுதித் தருவார், ஒருவர் பாட்டுச் சொல்லித் தருவார், காய்ச்சல் வந்தவர்களை ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக ஒருவர். வெளியில் எங்களுக்குத் 'தொண்டர்கள்' என்று பெயர். என் அம்மா மட்டும் 'வேலையத்த வேலை' என்பாள்.

இல்லத்தின் செயலாளர் மயிலாப்பூர் வக்கீல் ஒருவரின் மனைவி. ஆபீஸ் படி ஏறுவதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. கல்வி இலாகா குமாஸ்தாக்கள் அவருடைய புடவைத் தலைப்பைப் பார்த்ததுமே ஃபைலைத் தேடுவது போல மேஜைக்கு அடியில் குனிவார்களாம். அதையும் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். இரண்டு வருஷம் அப்படி நடையாய் நடந்து ஒரே ஒரு காகிதம் வாங்கி வந்தார். எங்கள் இல்லத்துப் பெண் ஒருத்தி எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதலாம், அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் விடை எழுதலாம் என்று அதில் இருந்தது. கடைசி வரியில் 'இவ்வொரு முறைக்கு மட்டும்' என்றும் இருந்தது.

அந்தப் பெண் நொச்சிக்குப்பத்தில் பிறந்தவள். நாலு வயதில் அம்மை வந்து கண் போய்விட்டது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பரீட்சையில் தேறினால் இல்லத்திலேயே சின்னப் பெண்களுக்கு டீச்சராக வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தது. தேறாவிட்டால் பிரம்புதான். இன்னொரு தடவை கேட்டால் இலாகா கொடுக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மற்றப் பாடங்களை எப்படியோ படித்துவிட்டாள். சரித்திரப் புத்தகம்தான் விரலால் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்தில் இல்லை. பிரெயில் என்று இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. அன்றைக்கு எங்களுக்கு அது 'குத்துவது'. இந்தப் புத்தகத்தை நான் குத்தித் தருகிறேன் என்று முன்வந்தேன். எந்த வேளையில் வாயைத் திறந்தேனோ!

குத்துவது என்றால் சும்மா இல்லை. கட்டம் போட்ட உலோகச் சட்டத்துக்குள் தடித்த காகிதத்தைச் செருகி, சிறிய ஊசியால் ஒவ்வொரு புள்ளியாக அழுத்த வேண்டும். புள்ளி மறுபக்கத்தில் எழும்பும் என்பதால் எல்லாவற்றையும் வலமிருந்து இடமாக, தலைகீழாக நினைத்துக் குத்த வேண்டும். யுத்தம் முடிந்தும் தீராத தட்டுப்பாட்டில் தடித்த காகிதம் ஏது? வீடு வீடாகப் போய்ப் பழைய காலண்டர் தாள் கேட்டு வாங்கினேன். மகாலட்சுமியின் முதுகிலும் மாதாவின் முதுகிலும் பானிபட்டு யுத்தம் நடந்தது. ஒரு புள்ளி தப்பாக விழுந்தால் அதை நகத்தால் அமுக்கிவிட வேண்டும், அமுக்கினால் செத்துப்போகும். ஐந்து மாதம் இப்படிக் குத்தினேன். கட்டைவிரல் மரத்துப் போனது. பள்ளிக்கூடத்தில் சாக்குக்கட்டி கைநழுவி விழும். மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு நடுவே தூங்கிவிட்டேன் என்று கோயிலுக்கு வருகிறவர்களிடையே பேச்சாகிவிட்டது.

முடித்தபோது மூன்று கட்டுகள் வந்தன. செயலாளர் அம்மாள் அவற்றைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார்.

"இத இப்படியே சணல் கயிறு கட்டிக் குடுக்கறதாவது! அடுத்த வாரம் வருஷ விழா வரதோல்லியோ, அழகா பைண்டு பண்ணிண்டு வந்துடுங்கோ. தலைமை தாங்க வரப்போற ஜட்ஜ் கையால அவளுக்குக் குடுத்துடலாம். உங்களுக்கெல்லாம் மாலை போடறதாவும் கமிட்டில தீர்மானம் பண்ணியிருக்கோம்."

எனக்கு அந்தப் பாரம் கையைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. மூன்று கட்டையும் பையில் போட்டுக்கொண்டு டிராம் ஏறி ராயப்பேட்டைக்குப் போனேன். ஒரு பைண்டர் கடையில் கொடுத்தேன். "பக்கம் பிரியக் கூடாது. நல்லா அழுத்தமா பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, இருந்த களைப்பில் அவர் என்ன கேட்டார் என்றுகூடக் காதில் வாங்காமல் திரும்பினேன்.

விழாவுக்குப் புத்தகங்கள் கடையிலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்து சேர்ந்தன. மேடையில் மேஜை மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். சிவப்புக் காலிக்கோ துணி ஒட்டிய அட்டை, முதுகில் பொன் எழுத்து. என் கையால் ஆனதா இது என்று எனக்கே பெருமையாக இருந்தது. திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

எங்களுக்கு மாலை போட்டார்கள். ஜட்ஜ் எங்களைத் தெய்வங்கள் என்றார், பெற்ற தாயினும் மேல் என்றார், விளக்கு என்றார். இன்னும் என்னென்னவோ என்றார். முன் வரிசையில் அனுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட இலாகா அதிகாரி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தப் பெண்ணை மேடைக்கு அழைத்து, ஜட்ஜ் முதல் தொகுதியை அவள் கையில் கொடுத்தார். கொடுத்தவர் சும்மா இருந்திருக்கலாம். "எங்கே, ஒரு பக்கம் வாசித்துக் காட்டம்மா. எல்லோரும் பார்க்கட்டும்" என்றார்.

அவள் புத்தகத்தை மேஜை மேல் வைத்துத் திறந்தாள். விரல்கள் பக்கத்தின் மேல் ஓடின. நின்றன. மறுபடி மேலிருந்து ஓடின. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாசிக்க ஆரம்பித்தாள். ஓர் அரசன் சாலை ஓரங்களில் மரம் நட்டதையும், வழிப்போக்கர்களுக்குக் கிணறு வெட்டியதையும், அவன் காலத்தில் மக்கள் கதவைத் தாழிடாமல் தூங்கியதையும் சுத்தமான புத்தகத் தமிழில், கணீரென்று வாசித்தாள். நடுவில் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பினாள்.

எனக்குத் தூக்கம் பறந்துவிட்டது. அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு வரியும் என் கட்டைவிரல் வழியாகப் போனது. அப்படி ஒரு வரி அதில் கிடையாது.

மண்டபம் முழுக்கக் கைதட்டல். இலாகா அதிகாரி கட்டிய கையைப் பிரித்து அவரும் தட்டினார். செயலாளர் அம்மாள் அழுதே விட்டார். நான் அவளைக் கைப்பிடித்து மேடைப் படிகளில் இறக்கிக் கூட்டி வந்தேன். பின்பக்கத்து அறையில் யாரும் இல்லை.

"என்ன வாசிச்சே நீ?" என்றேன்.

"புஸ்தகத்துல ஒண்ணியும் இல்ல டீச்சர். மொழுமொழுன்னு கீது. ஒரு புள்ளி கூடக் கைக்கு ஆப்புடல."

மற்ற இரண்டு தொகுதிகளையும் எடுத்து வந்து திறந்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் புள்ளி இருந்த இடம் மங்கலாகத் தெரிந்தது. தடவினால் சலவை வேட்டி.

"அங்கேயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எப்புடி சொல்றது? அந்த ஆபீசரு எதிர்ல குந்திக்கினு இருந்தாரு. நான் தடுமாறினா, பாத்தியா இதுக்குப் படிக்கவே தெரியலன்னு போயிடுவாரு. எனக்குக் குடுத்தது குடுத்தாச்சு. அடுத்து வர்ற பொண்ணுக்கு செக்ரட்டரி அம்மா மறுபடியும் படி ஏறணுமே."

இரண்டு வருஷம் இலாகாவில் வாதாடிய செயலாளர் அம்மாளுக்குக்கூட அந்த நிமிஷத்தில் இது தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை. எனக்குத் தோன்றியிருக்காது.

மறுநாள் சண்டை போடுவதற்கென்றே ராயப்பேட்டைக்குப் போனேன். பைண்டர் என்னைப் பார்த்ததும் பாராட்ட வந்தேன் என்று நினைத்து எழுந்து நின்றார்.

"எப்படி கீது வேலை? பேப்பரு பூரா அம்மை போட்டாப்ல சொரசொரன்னு இருந்துச்சும்மா. பாவம், மழையில நனைச்சிட்டாங்க போலன்னு நெனச்சேன். சுத்தியால தட்டி, ரெண்டு நாளு பிரஸ்ல போட்டு சமமாக்கிட்டேன். நீதான் அழுத்தமா பண்ணச் சொன்னியே."

நகத்தால் அமுக்கினாலே செத்துப்போகும் என்று தெரிந்தவள் நான். அவருக்கு எப்படித் தெரியும்? வேலை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். டிராமில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. இன்னொரு முறை குத்த ஐந்து மாதம் வேண்டும். என் கையும் வராது, மனசும் வராது. அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் இல்லத்துக்குப் போனேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, செயலாளர் அம்மாளிடம் இனிமேல் வர முடியாது என்றும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுகக் கோத்துக்கொண்டு வந்தேன்.

அவள் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பலகை, அதன் மேல் சட்டம். பக்கத்தில் மீதமிருந்த காலண்டர் தாள்கள் ஒரே அளவாக வெட்டி அடுக்கியிருந்தன.

"வந்துட்டீங்களா? அச்சுப் புஸ்தகத்தை எடுங்க. மொதல் பாடத்துலேந்து படிங்க" என்றாள்.

நான் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"இன்னா டீச்சர், எறும்புக்குப் படிக்கிறாப்ல? சும்மா படிங்க."

சும்மா படித்தேன். பிள்ளைகளுக்குக் கதை படிப்பது போலப் படித்தேன். அவள் கை டிக்டிக்கென்று என் வாய்க்குப் பின்னாலேயே வந்தது. வரி முடிந்ததும் சட்டத்தை இறக்குவாள், தாளை மாற்றுவாள். நான் மூச்சு விடுவதற்குள் தயாராகிவிடுவாள். தலைகீழாக நினைக்க வேண்டிய கஷ்டமெல்லாம் அவளுக்கு இல்லை. ஏழு வயதிலிருந்து எழுதுகிற எழுத்து அது. நான் இரண்டு வாரம் குத்திய பாடத்தை அன்று மத்தியானத்துக்குள் முடித்துவிட்டாள்.

தினமும் நாலு மணிக்கு மேல் போய்ப் படித்தேன். பள்ளியில் கத்தி, அங்கே போயும் கத்தித் தொண்டை கட்டிப்போனது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டு மறுபடி படித்தேன். நாலாவது வாரம் புத்தகம் முடிந்தது. இந்த முறை சணல் கயிறுதான். மிச்ச இரண்டு வாரத்தில் அவள் அதை மூன்று முறை படித்தாள்.

பரீட்சை எழுதினாள். தேறினாள். பட்டியலில் அவள் எண்ணைப் பார்த்துவிட்டுச் செயலாளர் அம்மாள் தெருவென்றும் பாராமல் ஓடி வந்தார். நான் சாயங்காலம் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். அவள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, விரலை நக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான், இத்தனை நாளும் மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"இவ்வளவு வேகமா குத்துவேன்னு மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

கேட்கும்போது என் குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. என் ஐந்து மாதம் வீணாகிவிட்டதே என்ற கோபம்.

"சொன்னேனே டீச்சர்" என்றாள். "மொதல் நாளே சொன்னேன். நீங்க படிச்சாப் போதும், நானே குத்திக்கிறேன்னு. பாவம், உனக்கு எதுக்கும்மா செரமம், நாங்க எதுக்கு இருக்கோம்னீங்க."

"அப்படியா சொன்னேன்?"

"ஆமா. கன்னத்தைத் தட்டிட்டுக் கூட போனீங்க."

"அப்பறம் ஏன் மறுபடி சொல்லல?"

"நீங்க அவ்ளோ ஆசையா குத்திக்கினு இருந்தீங்க. நடுவுல போயி இன்னா சொல்றது? நாளு போய்க்கினே கீதேன்னு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்கல்லாம் எங்களுக்காக வர்றவங்க. வேணாம்னு சொன்னா நல்லா இருக்குமா?"

அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சொன்ன நிமிஷமே மறந்திருப்பேன். ஐந்து மாதமும், இருந்த ஒரே ஒரு பரீட்சை நெருங்கி நெருங்கி வர, என் மனம் கோணக் கூடாதே என்று அவள் வாயை மூடிக்கொண்டு பிரம்பு பின்னியிருக்கிறாள். மேடையில் மட்டுமல்ல, அதற்கு முன்னாலும் அவள்தான் எங்களைத் தாங்கியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மூன்றாம் வகுப்பில்கூட யாரும் அவ்வளவு அசிங்கமாக அழுததில்லை.

"அய்ய, அழாதீங்க டீச்சர்" என்று புடவைத் தலைப்பால் என் முகத்தைத் தேடித் துடைத்தாள். "நாளைக்கு வரும்போது பூகோளம் எடுத்துக்கினு வாங்க. சின்னப் பொண்ணுங்களுக்கு வேணும். நீங்க படிங்க, நான் குத்துறேன்."

சரி என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மறுநாள் நாலு மணிக்குப் பூகோளத்தை எடுத்துக்கொண்டு போனேன்.