பேகம்பூர் பாயும் இரண்டு லென்ஸும்

தன் இருதய ஆபரேஷனுக்கு மதுரை போகுமுன் ஒரு நல்ல படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள் என் மனைவி. பழனி முருகன் பார்த்துக்கொள்வான் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. பேகம்பூர் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனேன்.

ஸ்டுடியோ பாய்க்கு வெள்ளைத் தாடி. கையில் எந்நேரமும் ஒரு துடைக்கும் துணி. மேஜையில் இரண்டு பழைய லென்ஸ்கள். குட்டையானது முகத்தை மிருதுவாகக் காட்டுமாம். நெட்டையானது ஒரு சுருக்கத்தைக்கூட விடாதாம். எதை மாட்டுவதென்று பாய்க்குக் குழப்பம். பெண் பார்க்கப் போனபோது நான்கூட இம்புட்டு யோசிக்கவில்லை. நெட்டையை மாட்டினால் தள்ளி நின்று எடுக்க வேண்டும், கடைக்குள் இடம் போதாது. ரோட்டில் இறங்கி நின்று ஆட்டோக்காரரிடம் வசவு வாங்கினார். திரும்பி வந்து குட்டையை மாட்டினார். துடைத்தார். மறுபடி நெட்டையோடு ரோட்டுக்குப் போனார். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

"பாய், ஆபரேஷனே இதவிட வெரசா முடிஞ்சிரும்!" என்று கத்தினேன்.

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். பாய் ரோட்டிலிருந்தே கேமரா பொத்தானை அமுக்கிவிட்டார்.

"படத்த இவருகிட்ட குடுத்துருங்க பாய். நான் திரும்பி வரலைன்னா மாலை போடணும்ல," என்றாள்.

"அதுக்குன்னா தர மாட்டேன். ஆபரேஷன் முடிச்சு நீயே வந்து வாங்கிக்கம்மா."

லென்ஸுக்கு ஒரு மணி நேரம் யோசித்தவர், இதற்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து நடமாடத் தொடங்கியதும், "பழனிக்குப் போயிட்டு வந்துருவமா?" என்றேன்.

"மொதல்ல பேகம்பூர்," என்றாள்.

முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.