மூன்று பாகப் படமும் ஒரு மங்கலான ஜெராக்ஸும்

அரசு தலையிடாத சந்தையே மேல் என்று ஆயிரம் பக்கம் வாதிடும் ஒரு பழைய ஆங்கில நாவலை மூன்று பாகப் படமாக்கியிருக்கிறார்கள். மும்பை மாட்டுங்காவில் ஒரு தமிழ்ச் சங்க அரங்கில், தமிழ் டப்பிங்கில், மூன்று ஞாயிறும் பார்த்தேன். பாகத்துக்குப் பாகம் கதாநாயகி மாறியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உரிமம் வழங்கும் அதிகாரிகளை எல்லாம் வில்லன்களாக்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை. முப்பது வருடம் நான் பார்த்த வேலை அது.

"எந்த ஆபீஸில் சார் இப்படி நடக்கும்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பொருமினேன்.

"உங்க ஆபீஸ்லதான் சார். தாராவியில தோல் பட்டறை போட லைசென்ஸ் கேட்டு வந்தேன். ஜெராக்ஸ் மங்கலா இருக்குன்னு நாலு தடவ திருப்பி அனுப்புனிய. கடைசி தேதி போயிட்டு. இன்னிக்கும் அடுத்தவன் பட்டறையிலதான் தச்சிட்டு இருக்கேன்" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மங்கலான நகல் செல்லாது என்பது விதி. ஆனால் அசல் அவர் கையில் இருந்தது. ஜெராக்ஸ் மெஷின் என் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. எழுந்து ஒரு நகல் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. எல்லா விதிகளும் எனக்குத் தெரியும்.